மாட்டின் வாய்க்குள் கைவிட்ட நாள்: தொற்றுநோயை அருகில் கண்டவர்களின் அனுபவங்கள்

தொழுவத்துக்காரன்

ஏழு ஆண்டுகளாக மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றை எழுதுகிறேன். கால்நடை மருத்துவராகப் பணியில் சேர்ந்த புதிதில், வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுக நின்ற ஒரு பசுவைப் பார்க்க என்னை அழைத்தார்கள். இரண்டு நாள்களாகத் தீவனம் எடுக்கவில்லை, தண்ணீரில் வாய் வைத்தாலும் விழுங்கவில்லை, குரலும் கம்மிவிட்டது என்று உரிமையாளர் சொன்னார். இந்த மூன்றையும் ஒருசேரக் கேட்டால் இன்று என் கை தானாகப் பின்வாங்கிவிடும். அன்றோ, தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறது என்று அவர் சொன்னதை நானும் நம்பினேன். உடன் வந்த உதவியாளரிடம், "நாக்கைப் பிடித்து ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு, வெறும் கையை உள்ளே விட்டேன்.

உள்ளே எதுவும் இல்லை. விரல் பட்டதும் இறுக வேண்டிய தொண்டைத் தசை, நனைந்த துணிப்பையைப் போலத் தளர்ந்து கிடந்தது. அது என்னவென்று அந்தக் கணத்தில்தான் எனக்கு உறைத்தது. கையை வெளியே எடுத்தபோது, உதவியாளரின் விரல் முட்டியில் கயிறு உரசித் தோல் வழன்றிருந்ததையும், அதன் மேல் எச்சில் வழிந்துகொண்டிருந்ததையும் பார்த்தேன்.

நான் படிக்கும் காலத்திலேயே ரேபிஸுக்கு, அதாவது வெறிநாய்க்கடி நோய்க்கு, முன்தடுப்பு ஊசி போட்டுக்கொண்டவன் என்பதால் எனக்கு இரண்டு ஊசிகளோடு முடிந்துவிட்டது. அவர் போட்டிருக்கவில்லை, போட்டிருக்கிறாரா என்று நான் கேட்டிருக்கவும் இல்லை. பசு நான்காம் நாள் இறந்தது, மூளையை ஆய்வுக்கு அனுப்பினோம், ரேபிஸ் என்றே முடிவு வந்தது. உதவியாளருக்கு முதல் நாளே காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்னும் ஆயத்த எதிர்ப்பொருள் மருந்தும், கையில் தடுப்பூசியும் போடப்பட்டன. பின்னர் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். போட வேண்டிய ஐந்து ஊசிகளில் கடைசியான ஐந்தாவதுக்கு அவர் வரவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

பட்டிக்காவல்

உங்களுடையதைப் படித்தபின் என்னுடையதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் இதில் எவரும் சாகவில்லை. தாயில்லாத இரண்டு ஆட்டுக்குட்டிகளுக்குப் புட்டியில் பால் கொடுத்து வந்தேன். இரண்டுக்கும் உதட்டோரம் கரடுமுரடான பொருக்குகள் இருந்தன. ஒரு வாரத்தில் என் ஆள்காட்டி விரலில் சிவந்த கொப்புளம் ஒன்று எழும்பி, நடுவில் வெளுத்து, விளிம்பில் சிவந்து, வில்வித்தைப் பலகையின் வட்டங்களைப் போல ஆகிவிட்டது.

முதலில் பார்த்த மருத்துவர் சீழ்க்கட்டி என்று கருதிக் கீறினார். சீழ் வரவில்லை, இரத்தம் மட்டும் வந்தது. அடுத்தவர் அடைப்பான் நோயாக இருக்குமோ என்று ஐயுற்று, விரலை ஆழமாக வெட்டிச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார். அறுவை அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது, பக்கத்தில் இருந்த முதியவர் ஒருவர் என் விரலைப் பார்த்துவிட்டு, "ஆடு வளர்க்கிறீர்களா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியை அதுவரை எந்த மருத்துவரும் கேட்கவில்லை. அது ஆட்டின் வாய்ப்புண் நோய், ஆர்ஃப் என்று பெயர், அம்மைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வைரஸால் வருவது. ஆறு வாரங்களில் தானாக ஆறியது, இப்போது தழும்புகூட இல்லை. மீண்டும் வரலாம் என்கிறார்கள், ஏனெனில் ஒருமுறை வந்தால் நிலைத்த எதிர்ப்புச் சக்தி கிடைப்பதில்லை. ஆட்டு அம்மை என்பது வேறு நோய் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் உறவினர்கள் இன்றும் இரண்டையும் குழப்பிக்கொண்டு என்னைத் தள்ளி உட்காரச் சொல்கிறார்கள்.

பழைய செவிலி

முதல் பதிவர் மன்னிக்க வேண்டும், ஒரு மருத்துவர் கையுறை இல்லாமல் எச்சில் ஒழுகும் வாய்க்குள் கைவிட்டார் என்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

நான் பார்த்த ரேபிஸ் நோயாளி ஒரே ஒருவர்தான். கடித்து இரண்டரை மாதங்கள் கழித்து வந்தார். அவருக்குத் தாகம் மிகுதியாக இருந்தது. தேக்கரண்டியில் தண்ணீரைத் தாமே எடுத்து, கண்களை மூடிக்கொண்டு, மிகுந்த உறுதியோடு வாயருகே கொண்டுபோனார். உதட்டைத் தொடும் முன்பே தொண்டை இறுகிக் கை தானாகத் திரும்பிக்கொண்டது. நான்கு முறை முயன்றார். ஐந்தாம் முறை கரண்டியை என்னிடம் தந்துவிட்டார். கடித்த நாளிலேயே ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி போடுவார்களே என்று பயந்ததாகச் சொன்னார். ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து செய்த அந்தப் பழைய மருந்து அப்போதே வழக்கொழிந்துபோய், செல் வளர்ப்பில் செய்த தடுப்பூசியைக் கைத்தசையில் போட்டுக்கொண்டிருந்தோம்.

ஆகவே படிப்பவர்களுக்குச் சில சொற்கள். கடியோ, பிறாண்டலோ, தோல் வழன்ற இடத்தில் நக்கலோ எதுவாயினும், ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், ஏனெனில் பதினைந்து நிமிடம் என்று நினைத்துக்கொண்டு இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுவதே மனித இயல்பு. காயத்தின் மேல் எதையும் பூசி மூடாதீர்கள். கூடுமானவரை தையல் போடவும் சம்மதிக்காதீர்கள். தவிர்க்க முடியாவிட்டால் இம்யூனோகுளோபுலின் செலுத்திய பிறகே தையல் போட வேண்டும். கடித்த விலங்கு நலமாக இருக்கிறதா என்று பார்க்கும் பத்து நாள் கண்காணிப்பு என்பது நாய்க்கும் பூனைக்கும் பொருந்துமே தவிர மாட்டுக்கும் குரங்குக்கும் வௌவாலுக்கும் பொருந்தாது. கண்காணிக்கும் நாள்களிலும் ஊசியைத் தொடங்காமல் காத்திருக்கக் கூடாது. இம்யூனோகுளோபுலினை முதல் நாளில் தவறவிட்டால், முதல் தடுப்பூசியிலிருந்து ஏழு நாள்களுக்குள் போட்டுக்கொள்ளலாம். அதன் பிறகு உடலே எதிர்ப்பொருளை உருவாக்கத் தொடங்கிவிடுவதால் அது தேவைப்படாது. சிறிய கடிதானே என்று அளவை வைத்து முடிவு செய்யாதீர்கள், வௌவாலின் பல் பதிந்த இடம் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். சோப்பு நுரைக்கு முன் எந்த வைரஸும் நிற்காது என்பதையும் மறவாதீர்கள்.

எருமைக்கன்று

இவ்வளவு அச்சம் தேவையா என்று கேட்கத் தோன்றுகிறது. எங்கள் கன்று ஒன்றும் இப்படியே எச்சில் ஒழுக இறந்தது. மூளையை நுண்ணோக்கியில் பார்த்து, ரேபிஸ் தாக்கிய மூளைச் செல்களில் தென்படும் நெக்ரி துகள்கள் காணப்படவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் எவரும் ஊசி போட்டுக்கொள்ளவில்லை, மூன்று ஆண்டுகளாகிவிட்டன, அனைவரும் நலம்.

இரவுப்பணி

எருமைக்கன்று அவர்களே, நீங்கள் நலமாக இருப்பதில் மகிழ்ச்சி. ஆனால் அந்தத் தாள் உங்களுக்குச் சொன்னது நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. நெக்ரி துகள்களை அடெல்கி நெக்ரி 1903ஆம் ஆண்டு விவரித்தார். அவை தென்பட்டால் ரேபிஸ் என்று சொல்லலாம். தென்படாவிட்டால் ரேபிஸ் இல்லை என்று சொல்ல முடியாது, ஏனெனில் நோயுற்ற மூளைகளில் கணிசமானவற்றில் அவை தென்படுவதே இல்லை. அதனால்தான் எங்கள் ஆய்வகத்தில் மூளைத்தண்டையும் சிறுமூளையையும் எடுத்து ஒளிரும் எதிர்ப்பொருள் சோதனை செய்கிறோம்.

என் அனுபவமும் அந்தச் சோதனையைப் பற்றியதே. பணியில் சேர்ந்து மூன்றாம் வாரம், ஒரு பூனையின் தலை வந்தது. உடன் வந்த குறிப்பில், இரு சிறுமிகளைப் பிறாண்டியது, வீட்டுப் பூனை, வெளியே போகாது என்று எழுதியிருந்தது. வெளியே போகாத பூனைக்கு எப்படி வரும் என்று என்னுள் ஓர் அலட்சியம். திசுவைக் கண்ணாடிச் சில்லில் அழுத்திப் பதித்து, குளிர்ந்த அசிட்டோனில் வைத்து நிலைநிறுத்தி, ஒளிரும் சாயம் ஏற்றிய எதிர்ப்பொருளை அதன் மேல் விட்டு, கழுவி, விளக்கை அணைத்துவிட்டு நுண்ணோக்கியில் கண் வைத்தேன். கறுத்த பின்புலத்தில் பச்சை ஆப்பிளின் நிறத்தில், தூசியைப் போலவும் சிறு முத்துகளைப் போலவும், பார்வைப் புலம் முழுவதும் மின்னியது. பார்ப்பதற்கு அழகாக இருந்தது என்பதை எழுதாமல் இருக்க முடியவில்லை. சில நொடிகள் அந்த அழகில் மெய்ம்மறந்து நின்றபின்தான் இரு சிறுமிகளின் நினைவு வந்தது. தொலைபேசியை எடுத்தபோது நேரம் அதிகாலை மூன்று. அவர்களுக்கு முதல் நாளே ஊசி தொடங்கியிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.

வெள்ளைக்காது

செவிலி அம்மா சொன்ன கடைசி வரியை மறுக்கத்தான் எழுதுகிறேன். சோப்புக்கு முன் எந்த வைரஸும் நிற்காது என்பது சரியன்று. அந்த நம்பிக்கையால் நான் ஒரு நாய்க்குட்டியை இழந்தேன்.

முதல் குட்டி பார்வோ நோயில் இறந்தது. வாந்தியும் இரத்தக் கழிச்சலும் தொடங்கிய மூன்றாம் நாள், என் மடியிலேயே இறந்தது. அந்த வாடையை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள். வீடு முழுவதையும் சோப்புத் தண்ணீரால் கழுவினேன், கைகளுக்கு ஆல்கஹால் தெளிப்பானைப் பயன்படுத்தினேன், நான்கு மாதங்கள் காத்திருந்தேன். பிறகு ஒன்பது வாரமான ஒரு குட்டியைக் கொண்டுவந்தேன். காது இரண்டும் வெள்ளை. வந்த ஆறாம் நாள், காலையில் கிண்ணத்தருகே போய், பாலை முகர்ந்துவிட்டு, தலையைத் திருப்பிக்கொண்டு என்னைப் பார்த்தது. முதல் குட்டியும் அதே இடத்தில், அதே விதமாகத் தலையைத் திருப்பியிருந்தது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

மருத்துவர் பிறகு விளக்கினார். ரேபிஸ், சளிக்காய்ச்சல் போன்ற வைரஸ்களுக்குக் கொழுப்பாலான மேலுறை உண்டு. சோப்பு அதைக் கரைத்துக் குலைத்துவிடுகிறது. பார்வோ வைரஸுக்கு அந்த உறையே இல்லை. ஆகவே சோப்பு அதைத் தரையிலிருந்து அகற்ற உதவுமே தவிர அழிக்காது, ஆல்கஹாலும் அப்படியே. நிழலான மண்ணில் அது ஓராண்டு வரைகூடத் தாக்குப்பிடிக்கும். அழுக்கை முழுவதும் நீக்கிய பிறகு, ஒரு பங்கு வெளுப்பு நீரை (பிளீச்) முப்பது பங்கு தண்ணீரில் கலந்து, பத்து நிமிடம் ஈரமாக வைத்திருக்க வேண்டும். 1978ஆம் ஆண்டில் நாய்களிடையே வெடித்துக் கிளம்பி, ஓரிரு ஆண்டுகளில் உலகம் முழுவதும் பரவிய நோய் இது. பூனைகளைத் தாக்கும் ஒரு வைரஸின் நெருங்கிய உறவு.

குட்டிக்கு ஒரு தடுப்பூசி போட்டிருந்தேன் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் தடுப்பூசியின் வேலையைத் தடுத்துவிடக்கூடும் என்பதால், பதினாறு வாரம் ஆகும்வரை தொடர்ந்து போட வேண்டுமாம். அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முகக்கவசம்

சுருக்கமாகச் சொல்கிறேன். பறவைக் காய்ச்சல் வந்த ஒரு பண்ணையில் கோழிகளை அழிக்கும் பணிக்கு அனுப்பப்பட்டேன். உடல் முழுதும் மூடிய உடை, கண்ணாடி, கவசம் எல்லாம் இருந்தன. இரண்டாம் நாள் கண்ணாடி வியர்வையில் மங்கிப்போனதால், எண்ணிப் பார்க்காமல், கையுறையின் பின்புறத்தால் நெற்றியைத் துடைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் நடந்தது. பின்னர் பத்து நாள்கள் காலையும் மாலையும் வெப்பமானியை வைத்து, எண்ணைத் தாளில் எழுதினேன். ஒன்பதாம் நாள் மாலை 37.4 டிகிரி செல்சியஸ் காட்டியது. வெப்பமானியை உதறிவிட்டு மறுபடி வைத்தேன், மறுபடியும் 37.4. வாசலில் நின்றபடி மனைவியிடம் தாளை நீட்டினேனே தவிர, உள்ளே போகவில்லை. மறுநாள் காலை 36.8க்கு இறங்கிவிட்டது.

மேலதிகாரி ஒருவர், "கோழிக்கு வருவது மனிதருக்கு வராது" என்று எங்களுக்குத் தைரியம் சொன்னார். 1997இல் ஹாங்காங்கில் எச்5என்1 வகை 18 பேரைத் தொற்றி 6 பேரைக் கொன்றதை அவர் கேள்விப்பட்டிருக்கவில்லை போலும். இந்த வைரஸ் செல்களில் பற்றிக்கொள்ளும் மூலக்கூறு மனிதரின் மூக்கிலும் தொண்டையிலும் குறைவு, நுரையீரலின் ஆழத்தில் மிகுதி. எளிதில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவாததற்கும், பற்றினால் கடுமையாக இருப்பதற்கும் இது ஒரு காரணம். 2024இல் அமெரிக்காவில் கறவை மாடுகளிடம் இதே வகை கண்டறியப்பட்டதையும், காய்ச்சாத பாலைக் குடித்த பண்ணைப் பூனைகள் இறந்ததையும் படித்தபோது, அந்தத் தாளைத் தேடி எடுத்துப் பார்த்தேன். ஏன் எடுத்தேன் என்று எனக்கே விளங்கவில்லை.

பழைய செவிலி

வெள்ளைக்காது சொல்வது சரி, "எந்த வைரஸும்" என்று நான் எழுதியிருக்கக் கூடாது. ஆனால் ரேபிஸ் கடிக்குச் சோப்பு என்பதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றமாட்டேன், பதினைந்து நிமிடத்தையும் குறைக்கமாட்டேன். முகக்கவசம் அவர்களே, கவசத்தைக் கழற்றும் வரிசையில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். முதலில் கையுறை, கடைசியில் முகக்கவசம், ஒவ்வொரு படிக்கும் இடையில் கைகழுவல். இன்னொருவர் எதிரே நின்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

இரவுப்பணி

தொழுவத்துக்காரன் அவர்களுக்கு ஒரு செய்தி. தசையில் போடும் முறையில் 0, 3, 7ஆம் நாள்களிலும், பிறகு 14க்கும் 28க்கும் இடைப்பட்ட ஒரு நாளிலும் என நான்கு ஊசிகள் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஏற்றுக்கொண்டது. உங்கள் உதவியாளர் இம்யூனோகுளோபுலினும் பெற்றிருக்கிறார், ஏழு ஆண்டுகளும் கடந்துவிட்டன. இந்நோய் வெளிப்படப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களே ஆகும், ஓராண்டைத் தாண்டுவது மிக அரிது. நான்கு போட்டிருந்தால், ஐந்தாவதைப் பற்றி நீங்கள் வருந்த வேண்டியதில்லை.

தொழுவத்துக்காரன்

நன்றி. இதைப் படித்ததும் அந்த ஆண்டின் பணிக் குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். அவர் பெயருக்கு எதிரே நான்கு கட்டங்களில் குறி இட்டிருக்கிறேன், ஐந்தாவது காலியாக இருக்கிறது. முதல் மூன்றும் நீல மை. மூன்று முறையும் நானே அவரை அழைத்துப் போனேன், ஊசி போடும்போது அருகில் நின்றேன். நான்காவது கறுப்பு மையில் இருக்கிறது, அதுவும் என் கையால் இட்ட குறிதான். அன்று உடன் போய்ப் பார்த்துவிட்டு இட்டேனா, போட்டுக்கொண்டேன் என்று அவர் தொலைபேசியில் சொல்லக் கேட்டு இட்டேனா என்பது எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அவருடைய பழைய எண்ணுக்கு இன்று மாலை இரண்டு முறை அழைத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. நாளைக் காலையில் மறுபடியும் அழைக்கிறேன்.