ஆதாமை விட்டு விலகு, ஏவாளை ஒட்டிப் போ

அயர்லாந்தின் தென்மேற்குக் கரையில் பாய்மரப் படகில் போய்வரும் தமிழர்கள் நம்மில் நாலைந்து பேர் இருக்கிறோம் என்பதே எனக்குப் போன மாதம்தான் தெரிந்தது. ஆளுக்கொரு படகுத்துறையைப் பற்றி எழுதலாம் என்று பேசிக்கொண்டோம், யாரும் எழுதவில்லை. சரி, நான் தொடங்கி வைக்கிறேன்.

என்னுடையது க்ளாண்டோர். கார்க் மாவட்டத்தின் மேற்கே, கின்சேலிலிருந்து கடல்வழியாகச் சுமார் 30 கடல்மைல். படகு என்னுடன் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு ஐரிஷ்காரருடையது. நாற்பது வருடமாக இந்தக் கரையில் ஓடுகிறவர். நானும் இன்னொரு நண்பரும் பாய் இழுக்க, கயிறு பிடிக்க.

ஜூலை மாதம், காலையில் கிளம்பினோம். ஓல்ட் ஹெட், செவன் ஹெட்ஸ், அப்புறம் காலி ஹெட் என்று ஒவ்வொரு முனையாகக் கடந்து போகும் பயணம். காலி ஹெட்டில் 1878-இலிருந்து எரியும் கலங்கரை விளக்கம் இருக்கிறது. அதைத் தாண்டினால் க்ளாண்டோர் பக்கம்தான். ஆனால் கடலிலிருந்து பார்த்தால் அங்கே ஒரு துறை இருப்பதே தெரியாது. பாறையும் பச்சையுமாக ஒரே சுவர்போலத் தெரிந்தது. கிட்டே போகப் போகத்தான் அந்தச் சுவரிலிருந்து ஒரு துண்டு பிரிந்து முன்னால் வந்து நின்றது. அதுதான் ஆதாம் தீவு. அதற்கு உள்ளே, மேற்குக் கரையை ஒட்டி ஏவாள் தீவு.

இங்கே படகோட்டுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு சொல்லடை தெரியும்: ஆதாமை விட்டு விலகு, ஏவாளை ஒட்டிப் போ. வெளியே நிற்கும் ஆதாமுக்கு நல்ல இடைவெளி கொடுத்துக் கிழக்குப் பக்கமாக நுழைய வேண்டும். நுழைந்ததும் ஏவாளை இடக்கைப் பக்கம் நெருக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் துறையின் நடுவில், வரிசையாக, நீர்மட்டத்தோடு ஒளிந்துகொண்டு கிடக்கும் பாறைகள் இருக்கின்றன. பெயரே டேஞ்சர்ஸ். வெளி, நடு, உள் என்று மூன்று, ஒவ்வொன்றிலும் கம்பம் நட்டிருக்கிறார்கள். அவற்றை வலப்பக்கம் விட்டுப் போனால் ஊர் எதிரே வந்து நிற்கும்.

இந்தச் சொல்லடையை முதலில் கேட்டபோது நானும் சிரித்தேன். படகுக்காரர் சிரிக்கவில்லை. 2012 ஜனவரி 15 அதிகாலையில், எதிர்க்கரை ஊரான யூனியன் ஹாலுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்த டி பொனோம் என்ற மீன்பிடிப் படகு இந்த ஆதாம் தீவில்தான் மோதி உடைந்தது. ஆறு பேரில் ஐந்து பேர் போய்விட்டார்கள். உடல்களைத் தேடுவதற்காக வாரக்கணக்கில் எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்தார்கள் என்றும், ஊர்ப் பெண்கள் அத்தனை பேருக்கும் சமைத்துப் போட்டார்கள் என்றும் அவர் சொன்னார். சொல்லிவிட்டு ஆதாம் பின்னால் போகும்வரை பேசவே இல்லை. நாங்களும் பேசவில்லை. யூனியன் ஹாலில் 2014-இலிருந்து உயிர்காப்புப் படகு நிலையம் இருக்கிறது. அதில் போகிறவர்கள் அந்தச் சுற்றுவட்டாரத்துத் தன்னார்வலர்கள்.

உள்ளே வந்ததும் முதலில் மாறியது சத்தம். நாள் முழுக்க அடியில் எழுந்து தாழ்ந்துகொண்டிருந்த நீளலை ஏவாளைத் தாண்டியதும் நின்றுவிட்டது. பாயை இறக்கினோம். ஒரு நாய் குரைப்பது கேட்டது. வலப்பக்கம் மேட்டில் க்ளாண்டோர், ஒரே தெரு. எதிர்க்கரையில் உள்ளே தள்ளி யூனியன் ஹாலின் மீன்பிடிப் படகுகள்.

இனி நங்கூரம். இதைத்தான் விரிவாக எழுத நினைத்தேன்.

இந்தப் பக்கம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் சுமார் 3 மீட்டர் ஏறி இறங்கும். அதனால் போடும் நேரத்து ஆழத்தை மட்டும் நம்பக் கூடாது. படகுக்காரர் என்னை வாய்விட்டுக் கணக்குப் போடச் சொன்னார். கருவியில் 4 மீட்டர். இனி ஏறப்போவது இரண்டரை. படகின் அணியம், அதாவது முன்முனை, நீரிலிருந்து ஒரு மீட்டர் உயரம். ஆக ஏழரை. அதற்கு நாலு மடங்கு, 30 மீட்டர் சங்கிலி. ஐந்து மீட்டருக்கு ஒரு வண்ணம் என்று சங்கிலியில் அடித்திருந்தது. மண்டியிட்டு ஒவ்வொரு வண்ணமாக எண்ணி விட்டேன்.

அப்புறம் அவர் எஞ்சினைப் பின்னோக்கி மெல்ல ஓட்டினார். "கையைச் சங்கிலி மேல் வை" என்றார். வைத்தேன். உள்ளங்கையில் ஒரு கரகரப்பு, சரளைமேல் மாட்டுவண்டி போகிற மாதிரி. நங்கூரம் தரையில் இழுபடுகிறது என்று அர்த்தம். அடுத்து இரண்டு உதறல். அப்புறம் ஒன்றுமே இல்லை. சங்கிலி விறைத்துக்கொண்டு கம்பிபோல நின்றது. அந்த "ஒன்றுமே இல்லை" என்பதை உள்ளங்கையில் உணர்வதுதான் நங்கூரம் பிடித்துவிட்டதற்கு அடையாளம். கருவி எதுவும் அதை அவ்வளவு துல்லியமாகச் சொல்லாது என்பது என் எண்ணம்.

டீ போட உட்கார்ந்தோம். அந்த நேரத்தில்தான் நண்டுக்கூடுகள் ஏற்றிய ஒரு சின்னப் படகு வந்தது. பெரியவர் ஒருவர், எழுபது வயதிருக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கொஞ்சநேரம் எங்கள் சங்கிலி போகும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வானிலையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு, மிக மரியாதையாகச் சொன்னார்: நீங்கள் போட்டிருக்கும் இடத்தில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் அந்த இடத்துக்கு அடியில் பழைய மிதவைகளைக் கட்டிய கனத்த சங்கிலி ஒன்று கிடக்கிறது, உங்கள் நங்கூரம் அதற்கடியில் நுழைந்தால் காலையில் தூக்க முடியாது, கிழக்கே ஒரு அறுபது கஜம் தள்ளிப் போட்டால் சுத்தமான சேறு. எந்த வரைபடத்திலும் இல்லாத செய்தி அது. நன்றி சொல்வதற்குள் கையை உயர்த்திவிட்டுப் போய்விட்டார்.

எல்லாவற்றையும் தூக்கி மறுபடி போட்டோம். மறுபடி எண்ணினேன், மறுபடி உள்ளங்கை. இந்த முறை உதறல்கூட இல்லை, ஒரே இழுப்பில் பிடித்தது.

நங்கூரம் போட்டதும் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தவன் நான். அடுத்த ஒரு மணி நேரம்தான் முக்கியம் என்று அன்று கற்றேன். கரையில் ஒரு வெள்ளை வீட்டின் புகைபோக்கி, அதற்குப் பின்னால் மேட்டில் ஒரு மின்கம்பம். இரண்டும் ஒரே கோட்டில் தெரியும்படி ஓர் இடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்து மணி ஆகியும் வெளிச்சம் இருந்தது. கம்பம் புகைபோக்கியை விட்டு நகரவில்லை, அதாவது படகும் நகரவில்லை. இருட்டியதும் சுற்றிலும் தெரியும் வெள்ளை விளக்கை ஏற்றிவிட்டுப் படுத்தோம்.

விடிகாலை நாலரைக்கு விழிப்பு வந்தது. மேலே போய்ப் பார்த்தால் வெளுக்கத் தொடங்கியிருந்தது. கம்பம் புகைபோக்கியிலிருந்து ஒரு சாண் விலகி நிற்கிறது! நெஞ்சு அடித்துக்கொண்டது. படகுக்காரரை எழுப்பப் படியில் கால் வைத்தவன், சுற்றும் பார்த்தேன். பக்கத்தில் நின்ற நாலு படகுகளும் அதே பக்கம் திரும்பியிருந்தன. காற்று மாறியிருந்தது, அவ்வளவுதான். எல்லோரும் சேர்ந்து சுற்றியிருந்தோம். குனிந்து சங்கிலியில் கை வைத்தேன். பனித்துளியோடு சில்லென்று, அசையாமல் இருந்தது. அப்படியே கொஞ்சநேரம் கையை எடுக்கவில்லை.

மறுநாள் நடந்துபோய் டிராம்பெக் கல்வட்டத்தைப் பார்த்தோம். பதினேழு கல்லில் இன்று பதின்மூன்று நிற்கின்றன. அங்கிருந்து கடல் தெரிகிறது. அவசியம் போங்கள்.

*

அண்ணா, அந்த உள்ளங்கை விஷயத்தைப் படித்ததும் எனக்கு க்ரூக்ஹேவன் ஞாபகம் வந்தது. நான் ஸ்கிபரீனில் இருக்கிறேன். போன வருடம் நாங்கள் மூன்று பெண்கள், கூடவே எங்களுக்குப் படகோட்டச் சொல்லிக்கொடுக்கும் அம்மா ஒருவர்.

க்ரூக்ஹேவன் துறை ஒரு நீளமான ஓடை மாதிரி உள்ளே போகிறது. வாய் கிழக்கே பார்த்திருப்பதால் அட்லாண்டிக் அலை உள்ளே வராது. அமெரிக்காவிலிருந்து வரும் பாய்க்கப்பல்கள் இந்தப் பக்கத்தில்தான் முதலில் ஐரோப்பாவுக்கு முகம் காட்டின. 1863-இல் ராய்ட்டர் செய்தி நிறுவனம் இங்கேவரை தந்திக்கம்பி இழுத்தது. கப்பலிலிருந்து டப்பாவில் போட்டு எறியும் செய்திகளைப் படகில் போய்ப் பொறுக்கி, லண்டனுக்குத் தந்தி அடித்தார்கள். அப்புறம் மார்க்கோனியும் இங்கே கம்பியில்லாத் தந்தி நிலையம் வைத்தார்.

அலைதான் வராது, மேற்குக் காற்று வரும். ஓடையின் நீளத்துக்கும் ஊதிக்கொண்டு வரும். நாங்கள் போட்ட இடத்தில் அடியில் கடற்பாசி. எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டியபோது பிடித்த மாதிரிதான் இருந்தது, நான் சங்கிலியில் கை வைத்துப் பார்க்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஜன்னல் வழியாக ஒரு மிதவை மெதுவாக முன்னால் போவதைப் பார்த்தேன். மிதவை எப்படிப் போகும் என்று ஒரு நொடி யோசித்தேன். போனது நாங்கள்! தட்டுகள் கீழே விழுந்தது விழுந்தபடி ஓடினோம். தூக்கிப் பார்த்தால் நங்கூரமே தெரியவில்லை, தலையணை அளவுக்குப் பாசி. கத்தியால் அறுத்து எடுக்க இருபது நிமிடம், அதுவரை அம்மா எஞ்சினில் படகை ஒரே இடத்தில் நிறுத்தி வைத்திருந்தார்.

அந்த இருபது நிமிடத்தில் அவர் ஒரு சத்தம் போடவில்லை, ஒரு குறை சொல்லவில்லை. "மெதுவா அறு, விரல் பத்திரம்" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அதை நான் மறக்க மாட்டேன். அன்று இரவு கட்டுமிதவை ஒன்றில் கட்டிவிட்டுத் தூங்கினோம். தென்கிழக்கே ஃபாஸ்ட்நெட் பாறையின் வெளிச்சம் வானத்தில் வந்து வந்து போனது. 1904-இல் விளக்கேற்றிய கருங்கல் கலங்கரை விளக்கம் அது.

*

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு, எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். என்னுடையது உள்ளே போகாமல் திரும்பிய கதை. ஆனால் அதுவும் அனுபவம்தானே.

கெர்ரி மாவட்டத்தில் டெர்ரினேன். டேனியல் ஓ'கானலின் வீடு அங்கே இருக்கிறது. 1829-இல் கத்தோலிக்கர்களுக்கு நாடாளுமன்றத்தில் உட்கார உரிமை வாங்கிக்கொடுத்தவர். உள்ளே போய்விட்டால் ஏரிபோல இருக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் வாசல் பாறைகளுக்கு நடுவே ஒரு சந்து. கரையில் இருக்கும் இரண்டு அடையாளக் கம்பங்களை ஒரே கோட்டில் பிடித்துக்கொண்டுதான் நுழைய வேண்டும்.

அன்று காற்று பெரிதாக இல்லை. தென்மேற்கிலிருந்து நீளலை மட்டும், எங்கோ தூரத்துப் புயலின் மிச்சம். வெளியே நின்று பதினைந்து நிமிடம் பார்த்தோம். கம்பங்கள் இரண்டும் கோட்டில் வந்தன, வழி தெரிந்தது. ஆனால் ஐந்தாறு அலைக்கு ஒன்று, வழியின் இரண்டு பக்கமும் வெள்ளையாக உடைந்தது. அந்த நேரம் நடுவில் இருந்த பச்சை நீரும் மேலே எழுந்து சாய்ந்தது. படகு என்னுடையது, முடிவும் என்னுடையது. கூட வந்திருந்த மாமா அதுவரை பேசாமல் இருந்தவர், "உனக்கு வேண்டாம்னு தோணுதுல்ல, அப்புறம் என்ன" என்றார். திருப்பிவிட்டேன். கென்மேர் நதி முகத்துக்குள் பத்து கடல்மைல் ஓடி, ஸ்னீமில், தீவுக்குப் பின்னால் போட்டோம். மழை, மரங்கள், தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட இல்லை. மாமா சாம்பார் சாதம் செய்தார்.

இந்த ஜூனில் மறுபடி டெர்ரினேன் போகலாம் என்றிருக்கிறேன். உங்களில் யாராவது உள்ளே போய் நங்கூரம் போட்டிருந்தால், எந்த இடத்தில் போட்டீர்கள், அடியில் மணலா பாசியா என்று எழுதுங்கள். அண்ணா, உங்கள் படகுக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள்.