குந்தா மலைப்பகுதியில் இரவு நேர அவசர சிகிச்சையும் காவல் ரோந்தும்: கிராம சபையில் எதைக் கேட்பது?

கேள்வி: குந்தா வாசி

வணக்கம். நான் நீலகிரி மாவட்டம் குந்தா வட்டத்தில், மஞ்சூருக்கும் எமரால்டுக்கும் இடைப்பட்ட ஓர் ஊராட்சியில் வசிக்கிறேன். வரும் அக்டோபர் 2 கிராம சபையில் இரண்டு தீர்மானங்களைக் கொண்டுவர ஊர்ப் பெரியவர்களும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் விரும்புகிறார்கள். ஒன்று அவசர சிகிச்சை பற்றியது, மற்றொன்று காவல் பற்றியது. எந்த முறையில் எழுதினால் 'ஆவன செய்யப்படும்' என்ற ஒரு வரியோடு கோப்பு மூடப்படாமல் உரிய பதில் கிடைக்கும் என்று அனுபவமுள்ளவர்களிடம் கேட்கிறேன்.

2025 ஏப்ரல் 6 அன்று உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 700 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. 143.69 கோடி ரூபாய்ச் செலவில் எழுந்த அந்த வளாகத்தில் பழங்குடி மக்களுக்கென 50 படுக்கைகள் ஒதுக்கப்பட்டிருப்பதும், கோவைக்கு இறங்க வேண்டிய நோயாளிகள் பலருக்கு மலையிலேயே சிகிச்சை கிடைக்க வழி ஏற்பட்டிருப்பதும் மனமார வரவேற்க வேண்டியவை. ஆனால் உதகையில் எத்தனை படுக்கைகள் கூடினாலும் எங்கள் ஊரிலிருந்து உதகைக்கு உள்ள தூரம் குறையவில்லை. சென்ற மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தபோது உடனே 108-ஐ அழைத்தோம். மறுமுனையில் பேசியவர் பொறுமையாகவே கேட்டார். ஆயினும் எங்கள் ஹட்டியின் (மலைக் குடியிருப்பின்) பெயரைக் கொண்ட ஊர் வேறொன்றும் இருப்பதால், இடத்தை விளக்குவதிலேயே நேரம் போய்விட்டது. அருகிலிருக்க வேண்டிய வண்டி வேறொரு நோயாளியை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. கடைசியில் கேரட் ஏற்றும் பிக்கப் வண்டியில் மெத்தை விரித்து, மூடுபனிக்குள் அவரைக் கொண்டுசென்றோம். அவர் பிழைத்துக்கொண்டார் என்றாலும், அடுத்த முறையும் அப்படியே நடக்கும் என்று நம்பிக் குடும்பங்கள் இருக்க முடியாது.

காவல் விஷயமும் இதைப் போன்றதே. எங்கள் சந்திப்பில் ஒரு புறக்காவல் நிலையம் இருக்கிறது. பொழுது சாய்ந்ததும் பூட்டப்படுகிறது. தண்ணீர் இறைக்கும் மோட்டார்களும் வயர்களும் திருட்டுப்போகின்றன, கடைசிப் பேருந்தில் இறங்கும் பெண்கள் இருட்டில் தேயிலைத் தோட்டத்துக்குள் நடந்து செல்ல வேண்டியிருக்கிறது. புறக்காவல் நிலையத்தை இரவிலும் திறந்து வைக்கக் கேட்பதா, ரோந்தை அதிகரிக்கக் கேட்பதா?

பதில் 1: ஓய்வுபெற்ற செவிலியர், குன்னூர்

ஐயா, மனு பதிலின்றிப் போவதற்கு அது தவறான மேசைக்குப் போவதே பெரும்பாலும் காரணம் என்பதால், முதலில் அதைச் சொல்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொது சுகாதாரத் துறையின் கீழ் வருகின்றன, அவற்றுக்கு மாவட்ட சுகாதார அலுவலர் பொறுப்பு. குன்னூர் லாலி மருத்துவமனை, கோத்தகிரி மருத்துவமனை போன்றவை மருத்துவப் பணிகள் இயக்ககத்தைச் சேர்ந்தவை, அவற்றுக்கு இணை இயக்குநர் பொறுப்பு. உதகையில் இருந்த மாவட்டத் தலைமை மருத்துவமனை கல்லூரி மருத்துவமனையாக மாறியதால், அது மருத்துவக் கல்வித் துறையின் கீழ் கல்லூரி முதல்வரின் (டீன்) பொறுப்புக்கு வந்துவிட்டது. 108 சேவையோ அரசுக்காக ஒரு நிறுவனம் நடத்துவது, அதன் கட்டுப்பாட்டு அறை சென்னையில் இருக்கிறது. ஆகவே 'அவசர சிகிச்சை வசதி வேண்டும்' என்று பொதுவாக எழுதினால், நால்வரில் எவரும் அதைத் தமது வேலையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் உரிய கேள்வியைத் தனித்தனிப் பத்தியாக எழுதி, ஆட்சியருக்கு ஒரு நகல் அனுப்புங்கள்.

படுக்கைகளைப் பற்றிக் கேட்பதைவிட, நோயாளியை வண்டியில் ஏற்றுவதற்கு முன் உள்ளூரில் என்ன செய்ய முடியும் என்று கேட்பதே உங்கள் ஊருக்குப் பயன்தரும். மாரடைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8 என மொத்தம் 14 மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்துவிட்டு, அதன் பிறகே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். இந்த மருந்து உங்கள் நிலையத்தில் இருக்கிறதா, இரவுப் பணியில் இருக்கும் செவிலியர் அதைக் கொடுக்கப் பயிற்சி பெற்றிருக்கிறாரா, இசிஜி எடுத்து உதகை மருத்துவருக்குக் கைப்பேசியில் அனுப்பும் பழக்கம் அங்கு உண்டா என்பவற்றைக் கேளுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி எவ்வளவு சீக்கிரம் போடப்படுகிறதோ அவ்வளவுக்கு இதயத் தசை தப்பும் என்பதால், நோயாளி புறப்பட்ட செய்தி அவருக்கு முன்பாகவே உதகை போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் மூன்று செவிலியர்களைச் சுழற்சி முறையில் அமர்த்தி 24 மணி நேரமும் இயங்குவதாகவே ஏற்பாடு. அந்த மூன்று இடங்களில் ஒன்று காலியாக இருந்தாலும் இரவுப் பணிதான் முதலில் அடிபடும். எனவே 'இரவில் திறந்திருக்கிறதா' என்று கேட்பதோடு நிறுத்தாமல், காலிப் பணியிடம் எத்தனை என்பதை எழுத்தில் கேளுங்கள். சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்றால், மலைப்பகுதிக்கும் பழங்குடிப் பகுதிக்கும் 20,000 பேருக்கு ஒன்று என்பதே விதி. துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 என்பது 3,000 ஆகக் குறைகிறது. உங்கள் ஊராட்சியின் மக்கள்தொகையை இந்த அளவோடு ஒப்பிட்டுத் தீர்மானத்தில் சேர்த்தால், அது உரிமைக் கேள்வியாக நிற்கும். கர்ப்பிணிகள் சில நாள் முன்னதாகவே வந்து தங்குவதற்குப் பிரசவக் காத்திருப்பு அறைகள் மலைப்பகுதி நிலையங்கள் சிலவற்றில் உண்டு. உங்கள் பகுதி நிலையத்தில் இல்லையென்றால் அதையும் கேளுங்கள், ஏனென்றால் பிரசவம் ஒன்றுதான் நாம் முன்கூட்டியே நாள் அறிந்து தயாராகக்கூடிய அவசரம்.

பதில் 2: பள்ளி ஆசிரியர், கூடலூர்

எங்கள் பக்கத்தின் நிலையைச் சொன்னால் உங்களுக்குப் பயன்படலாம். உதகை கல்லூரி மருத்துவமனையாக மாறியபோது கூடலூர் அரசு மருத்துவமனை மாவட்டத் தலைமை மருத்துவமனையாகத் தரம் உயர்த்தப்பட்டது. பெயர் உயர்ந்த வேகத்துக்குச் சிறப்பு மருத்துவர்களின் எண்ணிக்கை உயரவில்லை என்பதே இங்குள்ளவர்களின் மனக்குறை, பந்தலூர்ப் பக்கத்து மக்களில் பலர் இன்றும் சுல்தான் பத்தேரிக்கோ கோழிக்கோட்டுக்கோதான் போகிறார்கள். முதுமலை, பந்திப்பூர் சாலைகள் இரவு 9 முதல் காலை 6 மணி வரை மூடப்பட்டாலும் 108 வண்டிகளுக்கு வழிவிடப்படுகிறது; சொந்த வாகனத்தில் நோயாளியைக் கொண்டுபோகும் குடும்பத்தினர்தான் சோதனைச்சாவடியில் நின்று விளக்கம் சொல்ல நேர்கிறது. அங்கே வனத்துறைக்கும் காவல்துறைக்கும் முன்னரே தகவல் தெரிந்திருந்தால் அந்த நிமிடங்கள் மிச்சமாகும்.

மற்றொன்றையும் எண்ணிப்பாருங்கள். இங்கே 1990-இல் தொடங்கப்பட்ட அஸ்வினி அமைப்பு, பழங்குடி இளம்பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்துக் கிராமங்களில் அமர்த்தியது. ஆபத்தை முதலில் அடையாளம் காணும் ஒருவர் ஊருக்குள்ளேயே இருந்ததனால்தான் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனைக்கு நோயாளிகள் காலம் தாழ்த்தாமல் வந்து சேர்ந்தார்கள் என்று நம்புகிறேன். உங்கள் தீர்மானத்தில், ஊருக்கு இருவருக்காவது முதலுதவிப் பயிற்சி கேட்கும் ஒரு பத்தி இருக்கட்டும்.

பதில் 3: ஓய்வுபெற்ற தலைமைக் காவலர், கோத்தகிரி

பணியில் இருந்த காலம் முழுவதும் மலை நிலையங்களிலேயே கழித்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். புறக்காவல் நிலையத்தை இரவில் திறக்கக் கேட்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு காவலரை அங்கே உட்கார வைத்தால் அவர் அந்த இடத்தை விட்டு நகர முடியாது. இரண்டு கிலோமீட்டர் தள்ளித் திருட்டு நடந்தாலும் அவரிடம் வண்டியும் இருக்காது, துணைக்கு ஆளும் இருக்காது. மாறாக, உங்கள் ஹட்டியிலும் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலும் பேருந்து நிறுத்தத்திலும் ரோந்துப் பட்டாப் புத்தகம் வைக்கக் கேளுங்கள். ரோந்துக் காவலர் வந்து நேரம் குறித்துக் கையெழுத்திட வேண்டும் என்பதால், வந்தாரா இல்லையா என்பது ஊருக்கே தெரியும். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு காவலரைப் பொறுப்பாக்கி, அவருடைய கைப்பேசி எண்ணை ஊராட்சிப் பலகையில் எழுதும் வழக்கம் தமிழகத்தின் பல இடங்களில் நடைமுறையில் உண்டு. அதையும் காவல் கண்காணிப்பாளரிடம் கேட்கலாம்.

ஊர் இளைஞர்களே இரவு ரோந்து போகட்டும் என்று யாராவது சொன்னால், எல்லையை வகுத்துக்கொண்டு பேசுங்கள். காவல்துறைக்கு உதவும் தன்னார்வலர்களுக்காக 1993-இல் இராமநாதபுரத்தில் தொடங்கிய காவல் நண்பர்கள் இயக்கம் நல்ல நோக்கத்தோடு வளர்ந்தது. ஆயினும் தந்தையும் மகனும் காவலில் இறந்த சாத்தான்குளம் நிகழ்வுக்குப் பின், 2020 ஜூலையில் அரசு அதற்குத் தடை விதித்தது. சீருடை இல்லாதவர் கையில் காவல் அதிகாரம் சேரக்கூடாது என்பதே அதில் நாம் காண வேண்டிய பாடம். தொண்டர்கள் வெளிச்சம் காட்டலாம், வழி காட்டலாம், தகவல் கொடுக்கலாம். யாரையும் நிறுத்தி விசாரிக்கக்கூடாது.

நண்பர் சொன்ன ஊர்ப்பெயர்க் குழப்பத்துக்கு ஒரு தீர்வு உண்டு. 100, 112 எண்களுக்கு வரும் அழைப்புகளையும் சென்னையில்தான் எடுக்கிறார்கள், அவர்களுக்கு நம் ஹட்டிகளின் பெயர் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆகையால் அழைப்பவர் மாவட்டம், வட்டம், ஊராட்சி என்ற வரிசையில் சொல்லிவிட்டு, அருகிலுள்ள மின்கம்பத்தின் எண்ணையோ சாலையோரக் கிலோமீட்டர் கல்லையோ சொன்னால் இடம் சிக்கும். ஒவ்வொரு குடியிருப்பின் முகப்பிலும் இந்த விவரத்தை எழுதி வைக்க ஊராட்சி நிதியே போதும். சிக்னல் கிடைக்கும் இடம் எது என்பதையும் அதே பலகையில் குறியுங்கள்.

விபத்தைக் கண்டவர்கள் வழக்குக்கு அஞ்சி ஒதுங்கிப் போவதை எத்தனையோ முறை பார்த்து வருந்தியிருக்கிறேன். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, உதவி செய்தவருக்குப் பாதுகாப்பளிக்கிறது. அவர் பெயர் சொல்லவும் சாட்சியாக வரவும் கட்டாயமில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்துக்குப் பிறகான முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, எந்த மாநிலத்தவராக இருந்தாலும், பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில் பணம் கேட்கக்கூடாது. கெத்தை வழியாக வரும் வேன் ஓட்டுநர்களுக்கும் அவலாஞ்சி சுற்றுலா வாகன ஓட்டுநர்களுக்கும் இதைக் காவல் நிலையமே கூட்டம் போட்டுச் சொல்லலாம்.

பதில் 4: தோட்டத் தொழிலாளர் குடும்பத்துப் பெண், குந்தா

பெரியவர் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன், புறக்காவல் நிலையத்தைப் பற்றி மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. பட்டாப் புத்தகத்தில் இரவு 11 மணிக்குக் கையெழுத்து விழுந்திருந்தால், இரவு 8 மணிக்குப் பேருந்திலிருந்து இறங்கும் பெண்ணுக்கு அதனால் என்ன பயன்? எங்களுக்கு விடிய விடியக் காவல் தேவையில்லை. கடைசிப் பேருந்து வந்து, அதிலிருந்து இறங்கியவர்கள் வீடு சேரும் வரை அந்தச் சந்திப்பில் விளக்கு எரிய வேண்டும், ஒரு காவலர் நிற்க வேண்டும். முடியுமானால் அவர் பெண் காவலராக இருக்க வேண்டும். 181 என்ற மகளிர் உதவி எண்ணும் 'காவல் உதவி' செயலியும் இருப்பது எங்களுக்குத் தெரியும், ஆனால் தோட்டத்துக்குள் இறங்கியதும் சிக்னல் போய்விடுகிறது. காட்டெருமையும் கரடியும் திரியும் பாதையில் எந்த உதவியும் கைப்பேசியை நம்பியிருக்கக்கூடாது.

108 வண்டி நிற்கும் இடத்தைப் பற்றியும் ஒரு சொல். வண்டி உதகையில் நின்றால் அது எங்களை வந்தடையவே ஒரு மணி நேரம், மறுபடி போக ஒரு மணி நேரம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டி, சாலைகள் சரிந்து ஊர்கள் துண்டிக்கப்பட்டதை நாங்கள் கண்ணால் கண்டோம். சாலை அறுந்தால் வண்டி அறுந்த இடத்துக்கு இந்தப் பக்கம் இருக்க வேண்டும். ஆகையால் மழைக்காலத்தில் மட்டுமாவது கூடுதலாக ஒரு வண்டி மஞ்சூர்ப் பக்கமே நிறுத்தப்பட வேண்டும் என்பதைத் தீர்மானத்தின் முதல் வரியாக எழுதுங்கள்.

கேள்வி கேட்டவரின் பதில்: குந்தா வாசி

அனைவருக்கும் நன்றி. சகோதரி சொன்ன நேரக் கணக்கை ஊர்ப் பெரியவர்களிடம் படித்துக் காட்டினேன், எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். காவல் தீர்மானத்தில், கடைசிப் பேருந்து வரும் வரை புறக்காவல் நிலையம் திறந்திருக்க வேண்டும், அதன் பிறகு பட்டாப் புத்தகத்துடன் ரோந்து வர வேண்டும் என இரண்டையும் சேர்க்கிறோம். மருத்துவத் தீர்மானத்தை, செவிலியர் அம்மா சொன்னபடி, நான்கு பொறுப்பாளர்களுக்கும் நான்கு பத்திகளாகப் பிரித்திருக்கிறேன். ஒரே ஓர் ஐயம் எஞ்சியிருக்கிறது: 108 வண்டி வராத நேரத்தில் ரோந்து வாகனத்தில் நோயாளியை ஏற்றிச் செல்லக் கேட்பது முறையா?

பதில் 5: ஓய்வுபெற்ற தலைமைக் காவலர், கோத்தகிரி

முறைதான், தயங்காமல் கேளுங்கள். விபத்தில் அடிபட்டவர்களை ரோந்து வண்டியில் கொண்டுபோவது நாங்கள் காலங்காலமாகச் செய்துவந்த வேலை. இருந்தாலும் அதைத் தீர்மானத்தில் மாற்று ஏற்பாடாக மட்டுமே எழுதுங்கள். காவல் வண்டியில் ஆக்சிஜனும் இல்லை, பயிற்சி பெற்ற உதவியாளரும் இல்லை. அதைக் காட்டி 108 வண்டியை வேறிடத்துக்கு மாற்றிவிட இடம் கொடுத்துவிடக்கூடாது. தீர்மானம் நிறைவேறியதும் அது தீர்மானப் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறதா என்று அன்றே சரிபார்த்து நகல் பெற்றுக்கொள்ளுங்கள். நவம்பர் 1 அன்று அடுத்த கிராம சபை கூடும்போது, நான்கு அலுவலகங்களிலிருந்தும் காவல் கண்காணிப்பாளரிடமிருந்தும் வந்த பதில்களை அங்கே வாசிக்க வேண்டும் என்பதையும் இதே தீர்மானத்தில் சேர்த்துவிடுங்கள்.