விரிசலும் கணுவும் உள்ள கட்டையில் கிண்ணம் கடையலாமா?

உளிமுனை:
10 அங்குல விட்டம், 4 அங்குல உயரம், நன்றாகக் காய்ந்த கட்டை. விளிம்பிலிருந்து நடுவை நோக்கி 2 அங்குல விரிசல், அகலம் 1 மி.மீ. இருக்கும். எதிர்ப்பக்கம் பட்டை புதைந்த ஒரு கணு. அதைச் சுற்றி நகம் அழுந்தும் அளவுக்கு மக்கல். பசையால் அடைத்துவிட்டுக் கடைவதா, கடைந்தபின் அடைப்பதா? லேத்தை (கட்டையைச் சுழற்றும் கடைசல் இயந்திரம்) எந்த வேகத்தில் ஓட்டலாம்?

வைரக்கட்டை:
கண்ணுக்குத் தெரியும் 2 அங்குலத்தை நம்பாதீர்கள். ஸ்பிரிட் நனைத்த துணியால் கட்டையைத் துடையுங்கள். மேற்பரப்பு சீக்கிரம் காய்ந்துவிடும். விரிசல் போகும் தடம் மட்டும் கொஞ்ச நேரம் ஈரக்கோடாக நிற்கும். அந்தக் கோடு அடிப்பகுதியைக் கடந்து மறுபக்கம் போனால் கட்டையை விட்டுவிடுங்கள். எந்தப் பசையும் அதைக் காப்பாற்றாது.

கோடு நடுவுக்கு வரவில்லையென்றால் கடையலாம். சக் (கட்டையை லேத்தில் கவ்விப் பிடிக்கும் தாடை) பிடிக்க அடியில் வெளியே நீட்டிய குமிழ்தான் விடவேண்டும். குழி வெட்டி உள்ளே சக்கை விரித்தால், விரிசலில் ஆப்பு அடித்த மாதிரி ஆகிவிடும்.

அடைப்பு இரண்டு கட்டம். முதலில் விரிசலின் இரு ஓரமும் ஷெல்லாக் (அரக்கு மெருகு) தடவுங்கள்; இல்லையென்றால் வெளிறிய மரத்தில் பசைக்கறை நிற்கும். பிறகு நீர்த்த சூப்பர் க்ளூவை விரிசலுக்குள் ஊறவிடுங்கள். வெளிப்புறம் வடிவத்துக்கு வந்ததும் எபாக்ஸி (இரண்டு திரவம் கலந்து இறுகும் பசை). முதலிலேயே நிரப்பினால் பாதி சீவலோடு போய்விடும். 5 நிமிட எபாக்ஸி வேண்டாம், குமிழி வெளியேறுவதற்குள் இறுகிவிடும். மெதுவாக இறுகும் வகையை ஊற்றி 24 மணி நேரம் விட்டு, அதன்பிறகே உட்புறம் குடையுங்கள்.

கடைசல்பட்டறை:
வேகத்துக்குப் பொதுக் கணக்கு: அங்குல விட்டத்தை நிமிடத்துக்கான சுற்று எண்ணிக்கையால் பெருக்கினால் 6000 முதல் 9000 வரை. 10 அங்குலத்துக்கு 600–900. அது குறையில்லாத மரத்துக்கு. இதற்கு 300-இல் தொடங்கி, கட்டை உருண்டு அதிர்வு அடங்கியபின் 600, அதற்குமேல் போகாதீர்கள். டெயில்ஸ்டாக் (கட்டையை எதிர்முனையிலிருந்து தாங்கும் லேத் பாகம்) எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் இருக்கட்டும். குடையும்போது வெளிப்புறத்தைச் சுற்றி இழைநாடா (நூலிழை பதித்த வலுவான ஒட்டுநாடா) ஒட்டுங்கள். வெறும் கண்ணாடி போதாது, முழு முகக்கவசம் வேண்டும். கட்டை பறந்தால் வரும் நேர்கோட்டில் நிற்கவும் கூடாது. வெட்டும் சத்தம் திடீரென 'டக் டக்' என்று மாறினால் உடனே நிறுத்திப் பாருங்கள்.

மரத்தூள்:
மக்கல் பகுதியைப் பற்றி. அங்கே இழை உளிக்கு முன்னால் வளைந்து கொடுத்துவிடும், அறுபடாது. அதனால்தான் பிய்ந்து வரும். நீர்த்த சூப்பர் க்ளூவோ சாண்டிங் சீலரோ (மரத்துளைகளை அடைக்கும் பூச்சு) ஊறவிட்டு, காய்ந்தபின் புதிதாகத் தீட்டிய உளியால் மெல்லிய வெட்டு. உப்புத்தாள் போடும்போதும் மக்கிய மென்பகுதி குழியும், கணு மேடாக நிற்கும். அந்த இடத்தில் லேத்தை நிறுத்திவிட்டு, தாளை மரத்துண்டில் சுற்றிக் கையால் தேயுங்கள். மக்கல் தூள் நுரையீரலுக்கு ஆகாது, சுவாசக் கவசம் போடுங்கள்.

விரிசலை அடைக்கும் எபாக்ஸிக்கு நிறம் கொடுக்கச் சிலர் அதே மரத்தின் தூளைக் கலப்பார்கள்; எனக்கு அதில் உடன்பாடில்லை. இறுகியதும் கருத்து, அழுக்குக் கறை போலத் தெரியும். காப்பித்தூள் கலந்தால் அடைத்த கோடு கணுவின் நிறத்தோடு சேர்ந்துகொள்ளும். கிண்ணத்தின் சுவர் 12 மி.மீ. தடிமன் இருக்கட்டும்.

உளிமுனை:
துடைத்துப் பார்த்தேன். கோடு இரண்டரை அங்குலம், அடிக்குமிழ் வரும் இடத்துக்கு ஒன்றரை அங்குலம் தள்ளியே நிற்கிறது.

வைரக்கட்டை:
அப்படியானால் குமிழின் விட்டத்தை 2 அங்குலத்துக்கு மேல் கொண்டுபோகாமல் தொடங்குங்கள். ஸ்பிரிட் முழுக்கக் காய்ந்தபிறகு மட்டும் பசை.