ஞாயிற்றுக்கிழமை உயிரியல் பூங்கா: பாட்டிக்குப் படங்கள்

வெள்ளிக்கிழமை

மலர், மாலை 6.10
எல்லோருக்கும் வணக்கம். நாளை மறுநாள் உயிரியல் பூங்காவுக்கும், அடுத்த சனிக்கிழமை கால்நடைக் கண்காட்சிக்கும் போகிறோம். முழங்கால் வலியால் பாட்டி இரண்டுக்கும் வரவில்லை. "போன முறை மாதிரி முதுகையும் கம்பியையும் எடுத்துவந்து காட்டாதீர்கள், எனக்கு முகம் வேண்டும்" என்று சொல்லியிருக்கிறார்கள். கேமராவை யார் கொண்டுவருவது?

கலா அத்தை, 6.14
சென்ற முறை எடுத்தவற்றில் பதினோரு படங்களில் சிங்கத்தின் வால் மட்டும்தான் இருந்தது. அம்மா ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டுக் கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இளங்கோ, 6.15
நாம் போனது நண்பகலில், அத்தை. சிங்கம் தூங்கிக்கொண்டிருந்தது.

ரேவதி சித்தி, 6.21
(பலமுறை பகிரப்பட்டது) எச்சரிக்கை! கேமராவில் படம் எடுப்பதால் பூங்கா விலங்குகளுக்குக் கண் பார்வை போகிறது. இனிக் கேமரா கொண்டுவருபவர்களுக்கு அனுமதி இல்லை. உடனே எல்லோருக்கும் அனுப்புங்கள்.

பெரியப்பா, 6.24
இது உண்மையானால் போவதையே நிறுத்திவிடலாம். பாவத்தைச் சுமக்க வேண்டாம்.

சுந்தரம் சித்தப்பா, 6.41
அண்ணா, படம் எடுத்தாலே பார்வை போய்விடும் என்பது சரியன்று. ரேவதி பகிர்ந்ததை யாரும் மேற்கொண்டு அனுப்ப வேண்டாம். படம் எடுக்கும்போது கேமரா வெளிச்சத்தை உள்ளே வாங்கிக்கொள்ளத்தான் செய்கிறது. கவனிக்க வேண்டியது ஃபிளாஷை மட்டும்தான். பூனை, மாடு, மான், குதிரை போன்றவற்றின் விழித்திரைக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று இருக்கிறது. இரவில் வண்டி விளக்கு பட்டதும் அவற்றின் கண் பளிச்சிடுவது அதனால்தான். அரையிருட்டுக்குப் பழகிக் கண் பாவையை அகலத் திறந்து வைத்திருக்கும் ஆந்தைக்கோ தேவாங்குக்கோ முன்னால் ஃபிளாஷ் அடித்தால் அது திடுக்கிடும். நாள் முழுவதும் நூறு பேர் வந்து நூறு முறை அடித்தால் அந்த உயிர் எங்கே போய் ஒளியும்? நாம் நிறுத்திக்கொள்ள இந்தக் காரணமே போதும், பார்வை போகும் என்று யாரும் பயமுறுத்தத் தேவையில்லை. படத்துக்கும் அதனால் பயனில்லை: கைபேசியின் ஃபிளாஷ் சில அடிகளுக்கு மேல் எட்டாது, கண்ணாடிக்கு முன்னால் அடித்தால் விலங்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் பொட்டுதான் விழும். பல கைபேசிகளில் அது தானாக எரியும்படி வைக்கப்பட்டிருக்கும். ஆகையால் வாசலில் நுழையும் முன்பே எல்லோரும் அதை அணைத்துவிடுங்கள்.

ரேவதி சித்தி, 6.43
பக்கத்து அறையில்தான் இருக்கிறேன், என்னிடம் நேரில் சொல்லியிருக்கலாம்.

பெரியப்பா, 6.44
அப்படியானால் போகலாம்.

மலர், 6.46
சித்தப்பா, உங்களுடைய பெரிய லென்ஸைக் கொண்டுவருவீர்களா?

சுந்தரம் சித்தப்பா, 6.48
கொண்டுவருகிறேன். இந்த முறை அது என் கழுத்தைவிட்டு இறங்காது.

இளங்கோ, 6.48
அந்தக் கீறலைப் பற்றி இன்னும் எத்தனை ஆண்டுகள் பேசுவீர்கள், சித்தப்பா?

கலா அத்தை, 6.50
மயில் கூண்டின் கம்பியில் அழுத்தித் தேய்த்தது நீதானே, இளங்கோ?

சுந்தரம் சித்தப்பா, 7.09
இளங்கோவைக் குறை சொல்லவில்லை, அக்கா. கம்பி மறையவேண்டும் என்றால் கம்பிக்கு அருகில் போகவேண்டும் என்று அவனுக்குச் சொன்னவன் நான். முனையில் ரப்பர் வளையம் மாட்டாமல் கொடுத்ததும் நான்தான். அவன் செய்த முறை சரி. லென்ஸின் துளையை எஃப் 2.8 அல்லது எஃப் 4 என்று (எண் சிறிதானால் துளை பெரிது) அகலமாகத் திறந்து, லென்ஸை 200 மி.மீ. வரை ஜூம் செய்து, தடுப்பு வேலி அனுமதிக்கும் தூரம்வரை முன்னே போய் நின்றால், கண்ணருகே உள்ள கம்பி குவியத்திலிருந்து முற்றிலும் விலகிப் புகைபோலக் கரைந்துவிடும். விலங்கும் கம்பியை ஒட்டி நிற்காமல் நாலைந்து அடி உள்ளே தள்ளி நிற்க வேண்டும். அது அங்கே வரும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. வெயில் விழும் கம்பி வெள்ளையாக மின்னிப் படம் முழுவதும் பாலாடைபோலப் படரும் என்பதால், நிழல் விழுந்த பகுதியைத் தேடி அதன் வழியாக எடுங்கள். கைபேசிக்காரர்களுக்கு இந்தக் கரைக்கும் வித்தை கைகூடாது, ஏனென்றால் அதன் சிறிய லென்ஸ் கம்பியையும் விலங்கையும் சேர்த்தே தெளிவாகக் காட்டும். ஆனால் கம்பிக்கண்ணை எட்ட முடிகிற இடத்தில் லென்ஸை அந்த ஓட்டைக்கு நேராகப் பிடித்துவிட்டால் கம்பியே படத்தில் வராது. ஓட்டைக்குள் கையை நீட்டவும் வேண்டாம், படத்துக்காக வேலியைத் தாண்டவும் வேண்டாம். ஏழு வயதுக் கவினிடம் இதை மலர் இரண்டு முறை சொல்லி வைக்க வேண்டும்.

இளங்கோ, 7.11
முறை சரி என்று இப்போதாவது சொன்னீர்களே.

மலர், 7.12
புலிக்குக் கண்ணாடிச் சுவர்தான், சித்தப்பா. போன முறை புலியின் மேல் என் முகமும் கவினின் மஞ்சள் சட்டையும் விழுந்துவிட்டன.

சுந்தரம் சித்தப்பா, 7.20
கறுப்புத் துணி ஒன்று போதும். லென்ஸைக் கண்ணாடியில் மெல்லப் பதித்து, சுற்றிலும் துணியால் மூடிப் பின்னாலிருந்து வெளிச்சம் வராமல் செய்துவிட்டால் பிரதிபலிப்பு அற்றுப்போகும். சாய்வாகப் பார்த்தால் தடித்த கண்ணாடி உருவத்தைக் கலக்கிவிடும், ஆகவே நேராகப் பிடியுங்கள். அன்றைக்கு எல்லோரும் அடர்ந்த நிறத்தில் உடுத்திவந்தால் எனக்குப் பெரிய உதவி.

கலா அத்தை, 7.22
துணியை யார் எடுத்துவருவது?

இளங்கோ, 7.22
நான்.

பெரியப்பா, 7.23
இந்தக் குழுவில் முழு வாக்கியம் எழுத வேண்டும் என்பது அப்பா வைத்த விதி.

இளங்கோ, 7.24
கறுப்புத் துணியை நான் எடுத்துவருகிறேன், அப்பா.

மலர், 7.30
கரடி சாம்பல் நிறத்தில் வந்ததே, அதற்கு என்ன செய்வது? அது கரடியே இல்லை, நனைந்த மூட்டை என்று பாட்டி சொன்னார்கள்.

சுந்தரம் சித்தப்பா, 7.38
கேமரா எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டு வெளிச்சத்தை அளக்கிறது. படம் முழுவதும் கறுப்பு நிறைந்தால் வெளிச்சம் போதவில்லை என்று நினைத்துக் கூட்டிவிடும், வெள்ளைக் கொக்கு நிறைந்தால் குறைத்துவிடும். அதனால் கரடிக்கு நாமே வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், கொக்குக்குக் கூட்ட வேண்டும். கைபேசியில் கரடியின் கண்ணைத் தொட்டுவிட்டு, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். எந்த விலங்கானாலும் தெளிவு கண்ணில் விழ வேண்டும். கண்மணியில் ஒரு துளி வெளிச்சம் மின்னினால் அது நம்மைப் பார்ப்பது போலிருக்கும். அம்மா கேட்கும் முகம் அதுதான்.

கலா அத்தை, 7.41
அப்படியானால் கதவு திறக்கும்போதே உள்ளே இருக்க வேண்டும். வெயில் ஏறினால் எல்லாம் நிழலில் படுத்துவிடும்.

மலர், 7.42
ஆறரைக்குக் கிளம்பலாமா?

ரேவதி சித்தி, 7.42
ஏழு மணிக்கு முன்னால் என்னால் முடியாது.

பெரியப்பா, 7.45
குரங்குகளிடம் எல்லோரும் கவனமாக இருங்கள். கவின் பல்லைக் காட்டி முறைக்கிறான்.

சுந்தரம் சித்தப்பா, 7.53
நல்லவேளை நினைவூட்டினீர்கள், அண்ணா. நேருக்கு நேர் உற்றுப் பார்ப்பதைக் கொரில்லா சவாலாக எடுத்துக்கொள்ளும். ராட்டர்டாம் பூங்காவில் 2007ஆம் ஆண்டு பொகிட்டோ என்ற ஆண் கொரில்லா அகழியைத் தாண்டிவந்து, தன்னை அடிக்கடி பார்க்க வந்த ஒரு பெண்மணியைக் கடுமையாகக் காயப்படுத்தியது. அதன் பிறகு, பார்வை வேறு பக்கம் திரும்பியிருப்பது போலக் கண்கள் வரைந்த அட்டை மூக்குக்கண்ணாடிகளைப் பார்வையாளர்களுக்குக் கொடுத்தார்கள். நம் லென்ஸும் அவற்றுக்கு ஒரு பெரிய கண்தான். இரண்டு படம் எடுத்தவுடன் கேமராவை இறக்கிவிட்டு வேறு திசையில் பாருங்கள். அது தன் வேலையைத் தொடர்ந்தால் மறுபடியும் எடுங்கள், எழுந்து உள்ளே போய்விட்டால் விட்டுவிடுங்கள்.

மலர், 8.05
இன்னொன்றும் கேட்க வேண்டும். கண்காட்சியில் மலைப்பாம்பைத் தோளில் போட்டுப் படம் எடுத்துக் கொடுக்கிறார்களாம். கவின் ஒரு வாரமாக அதையே கேட்டுக்கொண்டிருக்கிறான்.

பெரியப்பா, 8.07
ஒரு முறை எடுத்துக்கொள்ளட்டும், குழந்தைதானே. கலா கழுத்திலும் ஒரு காலத்தில் போட்டோமே.

கலா அத்தை, 8.08
நான் அழுதேன், அண்ணா. அந்தப் படத்தில் எல்லோரும் சிரிக்கிறீர்கள்.

சுந்தரம் சித்தப்பா, 8.24
எனக்கு இதில் உடன்பாடு இல்லை, மலர். பாம்புக்கு இமை கிடையாது, முகம் சுளிக்கவும் அதற்குத் தெரியாது; அது பயந்திருக்கிறதா களைத்திருக்கிறதா என்பதைப் படத்தில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் அது எல்லோருடைய தோளிலும் சமாதானமாக இருப்பதுபோல் தோன்றுகிறது. புலிக்குட்டி, தேவாங்கு என்று இப்படிப் படத்துக்காகக் கைமாறும் உயிர்கள் பலவற்றைக் குட்டியிலேயே தாயிடமிருந்து பிரித்துவிடுகிறார்கள், தேவாங்கின் பல்லையும் பிடுங்குகிறார்கள். 2017ஆம் ஆண்டின் இறுதியில், இத்தகைய படங்களுக்குரிய சொற்களைத் தேடுபவர்களுக்கு எச்சரிக்கை காட்டும் ஏற்பாட்டை இன்ஸ்டாகிராம் கொண்டுவந்தது. நாம் ஒரு முறைதான் எடுப்போம். ஆனால் அன்றைக்கு அந்தப் பாம்பு எத்தனை தோள்கள் ஏறி இறங்கும் என்பதைக் கவினிடம் நான் பேசிப் பார்க்கிறேன். அவனுக்கு என் கேமராவைக் கொடுத்து, குதிரையை அவனே எடுக்கட்டும் என்று சொல்லலாம்.

இளங்கோ, 8.25
எனக்குக் கொடுக்காத கேமராவை ஏழு வயதுப் பையனுக்குக் கொடுக்கிறீர்கள்.

மலர், 8.26
அவனிடம் கேட்டுச் சொல்கிறேன், சித்தப்பா. இப்போதே உறுதி சொல்ல முடியவில்லை.

கலா அத்தை, 8.40
குதிரை என்று எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அப்பா எடுத்த குதிரைப் படம் எங்கே என்று கேட்கிறார்.

பெரியப்பா, 8.41
அந்தப் பேச்சை மறுபடியும் எடுக்க வேண்டாம்.

கலா அத்தை, 8.43
வீடு மாறியபோது நெகட்டிவ் பெட்டியைத் தொலைத்தது யார் என்று நான் கேட்கவில்லை, அண்ணா. அம்மாதான் கேட்கிறார்.

சுந்தரம் சித்தப்பா, 9.02
ஒரு படத்தின் மதிப்பு பின்னால்தான் தெரிகிறது. குவாக்கா என்று ஒரு விலங்கு இருந்தது. முன்பாதி வரிக்குதிரைபோலவும் பின்பாதி வரியில்லாத பழுப்புக் குதிரைபோலவும் இருக்கும். உயிரோடு இருக்கும்போது படம் எடுக்கப்பட்ட குவாக்கா, லண்டன் உயிரியல் பூங்காவில் இருந்த ஒரே ஒரு பெண் விலங்குதான். 1860களிலும் 1870ஐ ஒட்டியும் எடுத்த ஐந்து படங்கள்தான் மிஞ்சியிருக்கின்றன. 1883ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் கடைசிக் குவாக்கா இறந்ததோடு அந்த வகையே முடிந்துபோனது. எடுத்தவர்கள் அப்படி நினைத்து எடுத்திருக்க மாட்டார்கள்; பூங்காவில் நிற்கும் ஒரு விலங்கை எடுத்தார்கள், அவ்வளவுதான்.
குதிரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், சனிக்கிழமைக்கு உதவும். கைபேசியோடு முகத்தருகே போனால் மூக்கு பெருத்து உடல் சிறுத்துவிடும். பத்துப் பன்னிரண்டு அடி பின்னால் வந்து, இரண்டு மடங்கு ஜூம் செய்து எடுங்கள். நின்ற உயரத்திலிருந்து எடுத்தால் கால் குட்டையாகும். வயிற்றின் நடு உயரத்துக்குக் கேமராவை இறக்க வேண்டும். குதிரைக்கு நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் பார்வை எட்டாது, ஆகையால் உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு தோள் பக்கமாகவே அணுகுங்கள். ஓடும்போது எடுப்பதானால் ஷட்டர் 1/1000 நொடிதான் திறந்திருக்க வேண்டும். நாலு காலும் ஒரே நேரத்தில் தரையைவிட்டு எழுவதை மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் 1878இல் வரிசையாகக் கேமராக்களை நிறுத்தித்தான் காட்ட முடிந்தது. நம் கண்ணை நம்பி அழுத்தினால் தவறிவிடும், விரலை எடுக்காமல் தொடர்ந்து எடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாகக் காது முன்னோக்கி நிமிர்ந்திருக்க வேண்டும். காதைப் பின்னால் மடக்கியிருந்தால் அது கோபத்தில் இருக்கிறது, அருகில் போகவே வேண்டாம்.

கலா அத்தை, 9.15
அம்மா பேசியதை அப்படியே எழுதுகிறேன்: "காது எப்படி நிமிர்ந்தது என்று சுந்தரத்துக்குத் தெரியுமா? உங்கள் அப்பா கேமராவைப் பிடித்துக்கொண்டு நின்றார். குதிரை எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. நான் அவர் பின்னால் நின்று சாவிக்கொத்தை ஒரே ஒரு தடவை குலுக்கினேன். சட்டென்று திரும்பிக் காதை நிமிர்த்தியது. படத்தில் கீழே தரையில் ஒரு நிழல் இருக்கும், தலையும் தோளும். அது நான்தான்."

மலர், 9.17
அது தாத்தாவின் நிழல் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

இளங்கோ, 9.18
நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பெரியப்பா, 9.36
நெகட்டிவ் போய்விட்டது, அது என் தவறுதான். ஆனால் அட்டைப் படம் ஒன்று சட்டம் போட்டு மேல் அலமாரியில் இருக்க வேண்டும். ஈரம்பட்டுக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டதால் யாருக்கும் காட்டவில்லை. காலையில் இறக்கிப் பார்த்து, மெல்லப் பிரித்தெடுக்க முயல்கிறேன்.

சுந்தரம் சித்தப்பா, 9.37
பிரிக்காதீர்கள், அண்ணா! பிரித்தால் படத்தின் மேல்தோல் கண்ணாடியோடு உரிந்துவந்துவிடும். தண்ணீரும் தொட வேண்டாம். சட்டத்தோடு அப்படியே கொண்டுவாருங்கள். கண்ணாடிக்கு மேலேயே, பிரதிபலிப்பு விழாமல் கறுப்புத் துணி கட்டி நான் எடுத்துவிடுகிறேன்.

இளங்கோ, 9.38
துணியைப் பெரிதாகவே எடுத்துவருகிறேன்.

பெரியப்பா, 9.40
அலமாரியில் இருந்தால் கொண்டுவருகிறேன்.

மலர், 9.44
ஆறரையா, ஏழா என்று யாராவது சொல்லுங்கள்.