மறு: மறு: “எதிரயன் ஒடுக்கம்”: இரண்டு சொல்லுமே இடறுகின்றன

அன்பின் நண்பர்களுக்கு,

டிஎன்ஏ போன்ற ஏற்றமுள்ள நீண்ட மூலக்கூறை எதிரேற்ற அயன்கள் நெருங்கிச் சூழ்வதை ஆங்கிலத்தில் counterion condensation என்பார்கள். அதற்குத் தமிழாக முந்தைய மடலில் வந்த “எதிரயன் ஒடுக்கம்” காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அச்சேற்ற வேண்டாம்.

இலங்கையில் நாங்கள் ஏற்றத்தை நேர், மறை என்கிறோம். அதனால் கொழும்பில் இருந்து வாசிப்பவருக்கு “எதிரயன்” இடறாது. தமிழ்நாட்டில் எதிர்மின் அயனி என்றால் குளோரைட்டுப் போன்ற அனயன், அதாவது மறை ஏற்ற அயன். டிஎன்ஏயின் மறை ஏற்றமுள்ள பொஸ்பேற்றுகளைச் சூழ்வதோ நேர் ஏற்றமுள்ள சோடியமும் மகனீசியமும். அங்குள்ள மாணவர் மனத்தில் நேர்மாறான அயன் வந்து நிற்கும். “ஒடுக்கம்” இன்னும் மோசம். எங்களுக்கு அது ஆவி நீராவது. அவர்களுக்கு இலத்திரன் ஏற்பது, அதாவது நாங்கள் தாழ்த்தல் என்பது.

நடப்பது என்ன? 25 பாகை நீரில், இரண்டு அலகு ஏற்றங்களுக்கிடையிலான மின்சக்தியும் வெப்பச் சக்தியும் சமமாகும் தூரம் 0.71 நனோமீற்றர். இரட்டைச் சுருளில் ஒரு மூலச்சோடிக்கு 0.34 நனோமீற்றர், அதற்குள் இரண்டு பொஸ்பேற்று. ஆக அச்சு வழியே 0.17 நனோமீற்றருக்கு ஒரு மறை ஏற்றம். 0.71ஐ 0.17ஆல் வகுத்தால் 4.2. இந்த விகிதம் 1ஐத் தாண்டினால், அது 1க்கு இறங்கும்வரை அயன்கள் அந்த நீண்ட சங்கிலி மூலக்கூறை (பல்பகுதியத்தை) நெருங்கி வந்து சேரும் என்று 1969இல் அமெரிக்க இரசாயனவியலாளர் ஜெரால்ட் மானிங் காட்டினார். சோடியம் மட்டும் இருந்தால் டிஎன்ஏயின் ஏற்றத்தில் 76 சதவீதம் இப்படி ஈடாகிறது. மகனீசியம் மட்டும் என்றால் 88.

கரைசலில் உப்பு 1 மில்லிமோலரா, 100 மில்லிமோலரா என்பதால் இந்த 76 பெரிதாக மாறாது. மாறுவது அதற்கு வெளியே பரந்து நிற்கும் அயன் படை. அதன் தடிப்பு முதலாவதில் 9.6 நனோமீற்றர், இரண்டாவதில் 0.96. காலிமுகத்திடல் கடல்நீரில் 0.4ஐயும் எட்டாது (அந்தச் செறிவில் சூத்திரமே ஆட்டங்காணும் என்பது வேறு கதை). ஆகவே உள்ளுக்கு ஒரு சொல், வெளிக்கு ஒரு சொல் வேண்டும். வெளியே உள்ள படைக்கு “அயன் வளிமண்டலம்” வேண்டவே வேண்டாம். அங்கே வளி ஏது? “அயன் முகில்” போதும்.

உள்ளே இருப்பவை ஒட்டிக்கொண்டவை அல்ல. நீருறையைக் களையாமல் சுருளின் நீளவாக்கில் ஓடித் திரிகின்றன. சோடியம்-23 அணுக்காந்தப் பரிவு அளவீடுகளும் அந்த ஓட்டத்தைக் காட்டுகின்றன. பலாச்சுளையில் ஈ மொய்ப்பது போல: ஒன்று பறந்தால் இன்னொன்று வந்து அமரும், தொகை குறையாது. என் முன்மொழிவு: ஈடுசெய் அயன் மொய்ப்பு.

நன்றி.

---

> ஈடுசெய் அயன் மொய்ப்பு

சேர், படம் சரி. ஆனால் மானிங் “ஒடுக்கம்” என்ற பொருளில் சொல் எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது: ஒரு புள்ளியைத் தாண்டினால்தான் அது தொடங்கும். ஹயலூரோனிக் அமிலம் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலியில் ஏறத்தாழ 1 நனோமீற்றருக்கு ஒரு ஏற்றம், விகிதம் 0.7, அங்கே மொய்ப்பே இல்லை. ஈயோ துளி இனிப்பிலும் மொய்க்கும். அந்தத் தொடக்கப் புள்ளியை உங்கள் சொல் விழுங்கிவிடுகிறதே?

இன்னொன்று: யாரும் “ஈட்டயன்” என்று சுருக்க வேண்டாம். ஈட்டிதான் நினைவுக்கு வரும்.

---

சுருக்க மாட்டேன்!

தொடக்கப் புள்ளிக்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறது. ஒளிமின் விளைவில், இலத்திரன் வெளிவரத் தேவையான மிகக்குறைந்த மீடிறனை நுழைவாய் மீடிறன் என்று படித்தோமே. இங்கே மொய்ப்பு நுழைவாய், பெறுமானம் 1.

“ஒடுக்கம்” என்ற சொல்லுக்கு டிஎன்ஏயிடமே வேறு வேலை உண்டு. நீரில் ஏற்றத்தின் ஏறத்தாழ 90 சதவீதம் ஈடானால் நீண்ட இழை தானே சுருண்டு, 100 நனோமீற்றர் அளவில் உளுந்துவடை போல நடுவில் துளையுடன் திரளும். மூன்று நேர் ஏற்றமுள்ள ஸ்பேமிடின் என்ற சிறு மூலக்கூறு 92 வரை போவதால் அது நடக்கிறது. மகனீசியம் 88இல் நின்றுவிடுவதால் நடப்பதில்லை. பழைய சொல்லை வைத்தால் இதை “ஒடுக்கத்தால் ஒடுக்கம்” என்று எழுத வேண்டிவரும்.

ஆய்வுகூடக் கையேட்டில் எதனோல் வீழ்படிவாக்கலை இப்படி எழுதிப் பார்த்தேன்:

“200 மைக்ரோலீற்றர் டிஎன்ஏ கரைசலுக்கு 3 மோலர் சோடியம் அசற்றேற்று (பிஎச் 5.2) 20 மைக்ரோலீற்றர் சேர்த்துக் கலக்குக. பின்னர் குளிர்ந்த எதனோல் 550 மைக்ரோலீற்றர் விடுக. எதனோல் மின்நுழைய மாறிலியை (ஏற்றங்களுக்கிடையிலான விசையைக் கரைசல் தணிக்கும் அளவை) குறைப்பதால் மொய்ப்பு கூடி, இழைகளின் தள்ளுகை தளரும். அசற்றேற்றை மறந்தால் மொய்க்கப் போதிய சோடியம் இராது. சுழற்றிய பிறகு குழாயின் அடியில் எதுவும் தெரியாது. 70 சதவீத எதனோலால் கழுவும்போது மிகையான உப்புப் போகும். மொய்த்த சோடியம் போகாது.”

ஆர்என்ஏ மடிப்புகளில் சில மகனீசியம் அயன்கள் நீருறையின் ஒரு பகுதியை உதறிவிட்டு நேரே பொஸ்பேற்றைப் பிடிக்கின்றன. “பிணைப்பு” என்ற சொல்லை அவற்றுக்கு மட்டும் ஒதுக்கி வைப்போம்.