மறு: பழைய நிகழ்படக் கேமராக்களில் நாடா இல்லாப் பதிவு – கலைச்சொல்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

'டேப்லெஸ் ரெக்கார்டிங்' (tapeless recording) என்ற ஆங்கிலத் தொடருக்குத் தமிழ்க் கலைச்சொல்லாக நம் குழுவில் முன்மொழியப்பட்டுள்ள 'நாடாவிலாப் பதிவு' சொல்வதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. ஆயினும், நாம் பெயரிட முனையும் செயலை அது சரியாகச் சுட்டவில்லை என்பது என் கருத்து. நினைவக அட்டையில் பதியும் இன்றைய கேமராக்கள் எல்லாமே நாடாவிலாப் பதிவைத்தான் செய்கின்றன. இங்கே பேச்சோ 1995-இல் வந்த மினிடிவி (MiniDV) என்னும் சிறு நாடாவில் பதியும் கேமராக்கள் போன்ற பழையவற்றைப் பற்றியது. நாடாவில் பதிவதற்கென்றே செய்த ஒரு கருவி படம்பிடித்துக்கொண்டிருக்கும்போதே, அதன் காட்சியை வெளியே எடுத்து வேறொரு கருவியில் பதிவதைப் பற்றியது.

செயல் நடக்கும் விதத்தைப் பார்த்தால் பெயருக்கான வழி தானே புலப்படும். வில்லையின் வழியே வந்த காட்சி கேமராவுக்குள்ளேயே எண்முறையாக்கப்பட்டு (டிஜிட்டலாக்கப்பட்டு), ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்கப்பட்டு, நொடிக்கு 25 மெகாபிட் அளவில் பதிவுத் தலைக்குச் செல்கிறது. அதே தரவோடை ஃபயர்வயர் (கேமராவைக் கம்பி வழியே கணினியோடு இணைக்கும் முறை) துளை வழியாகவும் வெளிவருகிறது; சோனி நிறுவனம் இத்துளைக்கு ஐ.லிங்க் என்று பெயர் வைத்திருந்தது. மறுமுனையில் மடிக்கணினியோ, ஃபயர்ஸ்டோர் எஃப்எஸ்-4 போன்ற கையடக்க வன்தட்டுக் கருவியோ இருந்தால், தரம் சிறிதும் குறையாமல் ஓடை அப்படியே கோப்பாகிறது. ஒரு மணி நேரக் காட்சி சுமார் 13 கிகாபைட் இடம் பிடிக்கும். அந்த வட்டு (டிஸ்க்) ஃபேட்32 என்னும் கோப்பு ஒழுங்கமைப்பு முறையில் அமைக்கப்பட்டிருந்தால் ஒரு கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்ட முடியாது என்பதால், 18 நிமிடத்துக்கு ஒருமுறையேனும் கோப்பை முடித்து அடுத்ததைத் தொடங்கியாக வேண்டும்.

இனி, 'நாடாவிலா' என்ற அடைமொழி எங்கே இடறுகிறது என்பதற்கு வருகிறேன். இம்முறையைக் கையாண்ட பலர் உள்ளே நாடாவையும் ஓடவிட்டார்கள். வட்டு பழுதானால் நாடா கைகொடுக்கும்; நாடாவில் கீறல் விழுந்தால் வட்டு கைகொடுக்கும். கேமராவின் பதிவுப் பொத்தானை அழுத்தியதும் வெளிக்கருவியும் சேர்ந்து இயங்க வேண்டுமானால், சில மாடல்களில் நாடா உள்ளே இருந்தே ஆக வேண்டும். நாடாவை எடுத்துவிட்டால் வேறு தொல்லை: சோனி ஹேண்டிகேம்கள் பலவற்றில், நாடா இல்லாமல் பத்து நிமிடம் போல விட்டுவைத்தால் கடையில் காட்டுவதற்கான செயல்விளக்கம் தானாக ஓடத் தொடங்கிவிடும், பட்டியலுக்குள் (மெனு) போய் அதை முன்கூட்டியே அணைத்துவைக்க வேண்டும். நாடா உள்ளே இருந்து பதியாமல் நின்றால், சில நிமிடங்களில் கேமராவே அணைந்துவிடும். ஆக, நாடா இருப்பதும் இல்லாததும் பயன்படுத்துபவரின் தேர்வு. பதிவு கேமராவுக்கு வெளியே நடப்பதுதான் மாறாத கூறு.

எனவே 'புறப்பதிவு' என்ற சொல்லை முன்வைக்கிறேன். கருவிக்குப் 'புறப்பதிவி' என்றும், கிடைக்கும் கோப்புக்குப் 'புறப்பதிவுக் கோப்பு' என்றும் கிளைச்சொற்கள் இடரின்றி அமைகின்றன. வேறு சொற்களையும் எண்ணிப் பார்த்தேன். 'நேர்ப்பதிவு' என்பது நேரலையோடு குழம்பும். 'வட்டுப்பதிவு' என்றால் குறுந்தகட்டில் எழுதுவதாகவே பலரும் கொள்வர். மேலும், சோனியின் எச்விஆர்-எம்ஆர்சி1 என்ற புறப்பதிவி காம்பேக்ட்ஃபிளாஷ் நினைவக அட்டையில் பதிவது, அதில் வட்டே கிடையாது. வெளிப்புறப் படப்பிடிப்போடு 'புறப்பதிவு' மயங்காதா என்று கேட்கலாம். அங்கே நாம் 'வெளிப்புற' என்று முழுமையாகவே சொல்லிப் பழகிவிட்டோம்; ஆதலால் அந்த மயக்கம் பெரிதாக எழாது.

முன்பே நாடாவில் பதிந்ததைப் பின்னர் ஓடவிட்டுக் கணினிக்குக் கொண்டுவருவது, ஸ்டூடியோக்காரர்கள் 'கேப்சர் பண்ணுவது' என்கிறார்களே, அது வேறு செயல். ஒரு மணி நேர நாடாவுக்கு ஒரு மணி நேரமே பிடிக்கும். அதற்கு 'நாடா இறக்கம்' என்று தனிச்சொல் வைத்துக்கொள்ளலாம். ஹை8 போன்ற ஒப்புமைமுறைக் (அனலாக்) கேமராக்களிலிருந்து காட்சிக்கான மஞ்சள் செருகி வழியாக எடுக்கும்போது இடையில் ஓர் எண்முறையாக்கி தேவைப்படும். எனினும் பதிவு வெளியே நடப்பதால் அதையும் புறப்பதிவு என்றே அழைக்கலாம்.

நாடாவும் புறப்பதிவியும் ஒருசேர ஓடுவதற்கு 'இணைப்பதிவு' பொருந்தும் என்று நினைக்கிறேன். 'இரட்டைப் பதிவு' என்றால் ஒரே நிகழ்வை இரு கேமராக்களில் எடுத்ததாகவும் பொருள்படும். இதைவிடத் தெளிவான சொல் யாருக்கேனும் தோன்றினால் தெரிவியுங்கள்.