இமேஜுக்கு ‘மூலப்படி’: டாக்கர் நிறுவல் வழிகாட்டிக்கான சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில், நிரல்களைத் தனித்தனிச் சூழலில் அடைத்து ஓட்டும் டாக்கர் மென்பொருளை நிறுவும் வழிகாட்டியைத் தமிழில் எழுதும்போது இரண்டு சொற்கள் வரிக்கு வரி வருகின்றன: கன்டெய்னர் (நிரல் ஓடும் அந்தத் தனிச் சூழல்), இமேஜ் (அதை உருவாக்க உதவும் தொகுப்பு). முதலாவதற்குக் ‘கொள்கலன்’ போதும். கப்பல் சரக்குக்கு ஏற்கெனவே புழங்கும் சொல். டாக்கரின் சின்னமே கொள்கலன் சுமக்கும் திமிங்கிலம்தான்.

இமேஜ்தான் சிக்கல். ‘படிமம்’ என்ற பரிந்துரை அகராதிப்படி சரி. ஆனால் ஒளிப்படக் கோப்புக்கும் அதையே எழுதுகிறோம், கவிதை விமர்சனத்திலும் அதுவே வருகிறது. ‘படிமத்தைத் தரவிறக்கவும்’ என்று படிக்கிற புதியவர் ஏதோ படம் இறங்கப் போகிறது என்றுதான் நினைப்பார்.

இமேஜ் செய்கிற வேலையைப் பாருங்கள். ஒரு நிரலையும் அது ஓடத் தேவையான நூலகங்களையும் (லைப்ரரி எனப்படும் துணை நிரல்களையும்) அடுக்கடுக்காகக் கட்டி வைத்த தொகுப்பு அது. கட்டிய பிறகு அந்த அடுக்குகள் மாறுவதில்லை. ‘டாக்கர் ரன்’ கட்டளையைக் கொடுத்ததும் அவற்றின் மேல் எழுதத்தக்க அடுக்கு ஒன்று சேர்ந்து கொள்கலன் உருவாகிறது. ஒன்றிலிருந்து எத்தனை கொள்கலன்களையும் எடுக்கலாம். மூலப்பிரதி என்கிறோமே, அதே உறவுதான். அதனால் ‘மூலப்படி’ என்று முன்மொழிகிறேன்.

நீக்கும் கட்டளைகளில் இதன் பயன் நன்றாகத் தெரியும். ‘டாக்கர் ஆர்எம்’ கொள்கலனை நீக்கும், ‘டாக்கர் ஆர்எம்ஐ’ மூலப்படியை நீக்கும். கொள்கலன் போனால், வால்யூமில் (கொள்கலனுக்கு வெளியே தரவைச் சேமிக்கும் இடத்தில்) வைக்காமல் அதற்குள்ளேயே எழுதிய தரவும் போய்விடும். மூலப்படி வட்டில் அப்படியே இருக்கும். தரவை இழக்க வைக்கிற இடம் இது. இங்கே சொல் குழம்பவே கூடாது.

> ஒரு இமேஜின் மேல் இன்னொன்றைக் கட்டுகிறார்களே, அப்போது எது மூலம்?

நியாயமான கேள்வி. கொள்கலனை வைத்துப் பார்த்தால் இரண்டுமே மூலம்தான். அடியில் இருக்கும் பேஸ் இமேஜைத் ‘தாய்ப்படி’ என்று பிரித்துச் சொல்லலாம்.

> இமேஜ் என்றே விட்டால் தேடுவதற்கு வசதி.

முதல் முறை ‘இமேஜ் எனப்படும் மூலப்படி’ என்று எழுதினால் தேடலிலும் கிடைக்கும். கட்டளைகளையும் பொதிப் (நிறுவும் மென்பொருள் தொகுப்பு, பேக்கேஜ்) பெயர்களையும் தொடவே வேண்டாம். டெபியனில் ‘டாக்கர்’ என்ற பெயரில் வேறொரு சிறு நிரல் முன்பே இருந்ததால் இந்தப் பொதிக்கு ‘டாக்கர்.ஐஓ’ என்று பெயர் வைத்தார்கள். அதையும் நாம் மாற்றி எழுதினால் நிறுவலே நடக்காது.

அப்புறம், இது டாக்கருக்கு மட்டுமான சொல் அல்ல. 2015இல் தொடங்கிய ஓப்பன் கன்டெய்னர் இனிஷியேட்டிவ் என்ற பொதுத்தர அமைப்பு வகுத்த இமேஜ் வடிவத்தை, டாக்கர் போன்ற இன்னொரு மென்பொருளான பாட்மனும் ஏற்கிறது. அதன் வழிகாட்டிக்கும் இச்சொல்லே உதவும்.

லேயர் ‘அடுக்கு’ என்றே இருக்கட்டும். மூலப்படிகளைச் சேமித்துப் பகிரும் இடமான ரெஜிஸ்ட்ரிக்கு ‘களஞ்சியம்’ வேண்டாம், அது பொதிகளை வைத்திருக்கும் இடத்துக்குப் போய்விட்டது. ‘பதிவகம்’ பொருந்துமா? சொல்லுங்கள், அந்தப் பகுதியை அதன் பிறகே எழுதுகிறேன்.